தொடாத கையும் துயர் தீர்க்குமோ?
உடல்வழி மனமருத்துவம் இயங்கலைக்கு வந்த வரலாறு

மனத்தின் துன்பத்தை உடம்பின் மேல் ஏற்றிச் சொல்லுவது தமிழ் மக்களின் தொன்மையான வழக்கு. பிள்ளை தவறான வழியிற் சென்றால் தாய்க்கு வயிறு எரிகிறது. வேலையை இழந்தவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. அச்சத்தில் குலை நடுங்குகிறது. கவலையில் தலை கனக்கிறது. துயரச் செய்தி கேட்டால் கையும் காலும் ஓடுவதில்லை. இவற்றையெல்லாம் வெறும் சொல்லலங்காரம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. துன்பம் உடம்பில் எங்கே தங்குகிறது என்பதைக் கூர்ந்து நோக்கிய மக்கள் படைத்த சொற்கள் இவை.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலும் நிலைமை இதுவே. பால்மரம் வெட்டிய காலத்திலும், செம்பனை வந்த பின்னரும், தோட்ட மருந்தகத்தில் டிரசர் மிகுதியாகக் கேட்ட முறையீடு ‘உடம்பெல்லாம் வலி’ என்பதே. அவ்வலியிற் பாதி உழைப்பால் வந்தது. மீதிப் பாதி வாயால் சொல்லமுடியாத துயரால் வந்தது. மனநோய் என்று சொன்னாலோ, 1911ஆம் ஆண்டில் பேராக்கில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஊரார் நகைப்பர். ஆகவே துயரம் முதுகுவலியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் வேடம் பூண்டு மருந்தகத்துக்கு வந்தது.

இப்பொழுது ‘உடல்வழி மனமருத்துவம்’ என்னும் முறை கைப்பேசித் திரையின் வழியாக நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூச்சு, தசை, இருக்கை, அசைவு ஆகியவற்றைக் கவனிக்கச் செய்து, அதன் வாயிலாக மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்துவது இதன் நோக்கம். நகரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள், தோட்டத்தில் தனித்திருக்கும் பெற்றோருக்கு இதனை ஏற்பாடு செய்து தருகின்றனர். ‘உடம்புக்கு வைத்தியம் என்கிறார்கள், ஆனால் கை படாமல் நடக்கிறதாம். இது எப்படி?’ என்று பெரியோர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. அதற்குரிய விடையை வரலாற்றில் தேடுவதும், புதிதாகத் தொடங்குவோர் எதிர்பார்க்கத்தக்கவை எவையென எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ப்பாடு என்னும் சொல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே அமைந்துள்ளது. மெய் என்பது உடம்பு. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடம்பின்கண் வெளிப்படுதல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை ஆசிரியர் வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணங்களால் தோன்றும் என்பர். அழுகைக்கு அவர் காட்டும் நான்கு காரணங்களும் எண்ணிப் பார்க்கத்தக்கவை: பிறர் இகழ்ச்சி, இழப்பு, பண்டைய நிலை கெடுதல், வறுமை. பிறந்து வளர்ந்த தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட, வீட்டையும் கோயிலையும் விட்டுப் பெயர்ந்த மக்களுக்கு இந்நான்கையும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

மெய்ப்பாட்டியல் இலக்கிய இலக்கணமேயன்றி மருத்துவ நூலன்று. ஆயினும் உடம்பைப் பார்த்தே உள்ளத்தை அறியலாம் என்னும் கருத்து தமிழ்க் கல்வியின் அடித்தளத்திலேயே இருந்தது என்பதற்கு அது சான்றாகும். திருமூலரும் திருமந்திரத்தில் எட்டு உறுப்புகளையுடைய யோகத்தை விரித்துரைத்து, மூச்சின் அளவையும் பேசி, உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலாகவே கொண்டார்.

கையால் செய்த மருத்துவம்

சித்த மருத்துவத்தில் உடம்பைக் கையாளும் முறைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதனைப் பகுத்துள்ளனர். குமரி மாவட்டத்தில் வளர்ந்த வர்ம மருத்துவமும் விரல் நுனியின் அழுத்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. தோட்டத்தில் சுளுக்கு எடுத்தவர்களும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிட்ட மூதாட்டியரும் இம்மரபின் எளிய வாரிசுகளே.

இவற்றுள் எதனையும் திரை வழியாக அனுப்ப இயலாது. ஒன்பது தொக்கணமும் மற்றொருவர் கையை வேண்டி நிற்பவை. கையில்லாத தொக்கணம் நீரில்லாத குளியல் போன்றதாகும். ‘வர்மத்தை இயங்கலையில் செய்கிறோம்’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அவர் செய்வது வர்மமாக இருக்க இயலாது என்று துணிந்து சொல்லலாம்.

அவ்வாறாயின் திரை வழியே வருவது எது? அது வேறொரு கிளையில் பிறந்தது. அக்கிளை இருபதாம் நூற்றாண்டில் தழைத்தது.

கையை விலக்கிய மேனாட்டார்

மனநோய்க்குப் பேச்சால் மருந்து கண்ட வியன்னா நகரத்துப் பிராய்டு, தொடக்க காலத்தில் நோயாளியின் நெற்றியைத் தம் கையால் அழுத்தி, ‘நினைவுக்கு வருவதைச் சொல்’ என்று கேட்பார். 1895ஆம் ஆண்டில் பிராயருடன் இணைந்து வெளியிட்ட நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். பின்னர் அம்முறையை விட்டுவிட்டார். கை விலகியது, சொல் மட்டும் எஞ்சியது. 1909ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு சிறுவனின் வரலாறு இன்னும் வியப்பானது. குதிரைகளைக் கண்டு அஞ்சிய அச்சிறுவனுக்கு அவனுடைய தந்தையே மருத்துவராக நின்றார். தந்தை அனுப்பிய குறிப்புகளைப் படித்துப் பிராய்டு வழிகாட்டினார். தொலைவிலிருந்து செய்யும் மனமருத்துவத்துக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

பிராய்டின் வட்டத்தைச் சேர்ந்த வில்லெல்ம் ரைக் என்பவர், சொல்லோடு நிற்காமல் உடம்பின் பக்கம் திரும்பினார். அடக்கிய உணர்ச்சிகள் தசைகளில் கவசம்போல் இறுகிக் கிடக்கின்றன என்பது 1933ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் சாரம். இக்கருத்து இன்றைய உடல்வழி முறைகள் பலவற்றுக்கு வேராயிற்று. எனினும் ரைக்கின் பிற்கால வாழ்வு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கா சென்ற அவர், பிரபஞ்ச ஆற்றலைச் சேமிக்கும் பெட்டி என்று ஒன்றைச் செய்தார். அதனை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக்கூடாதென 1954ஆம் ஆண்டில் நீதிமன்றம் தடை விதித்தது. தடையை மீறியதற்காகச் சிறை சென்று 1957ஆம் ஆண்டில் சிறையிலேயே மாண்டார். நல்ல கருத்தொன்றைக் கண்டவரே பொல்லாத பெட்டியொன்றையும் விற்கக்கூடும் என்பதை உடல்வழி மருத்துவத்தை நாடுவோர் மறத்தலாகாது.

ரைக்கின் வழி ஒருபுறமிருக்க, ஆய்வுக்கூடத்தின் வழியே வந்தோரும் உளர். சிக்காகோ நகரத்து மருத்துவர் எட்மண்டு ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டில் படிப்படியாகத் தளர்த்தும் முறையை நூலாக எழுதினார். கையை மெல்ல இறுக்கு, இறுக்கத்தை உணர், பின்னர் விடு, விட்டதை உணர். இவ்வாறே கால், வயிறு, தோள், முகம் என ஒவ்வோர் உறுப்பாகச் செல்லவேண்டும். செருமனியில் சூல்ட்சு என்பார் 1932ஆம் ஆண்டில், ‘என் கை கனக்கிறது, என் கை சூடாகிறது’ என மனத்துக்குள் சொல்லிக்கொண்டே உடம்பைத் தளர்த்தும் முறையை வெளியிட்டார். இவ்விரு முறைகளிலும் மருத்துவர் கை வைக்க வேண்டிய தேவையில்லை. அவர் சொல்கிறார், நோயாளி தம் உடம்பைத் தாமே கவனிக்கிறார்.

தோட்ட மருத்துவமனையிலிருந்து ரிஷிகேசத்துக்கு

இதே காலத்தில் இந்தியாவிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. 1924ஆம் ஆண்டில் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, ஆசனங்களின்போது உடம்பில் நிகழ்வனவற்றைக் கருவிகளால் அளந்து, தம் இதழில் வெளியிட்டார். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, ஒவ்வொருவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றியமைத்தார். அவர் மகனார் தேசிகாச்சாரியார் 1976ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய யோக மந்திரம் அந்நெறியை வளர்த்தது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாற்றில் தனி உறவொன்று உண்டு. பத்தமடையில் 1887ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913ஆம் ஆண்டில் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் நம் மக்களுக்கு மருத்துவம் செய்தார். பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். பத்தாண்டுகளுக்குப் பின் 1923ஆம் ஆண்டில் தாயகம் திரும்பித் துறவு பூண்டார். அவரே ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். மலாயா செல்லுமுன்னரே மருத்துவ இதழொன்றை நடத்தியவராதலின், எழுத்தின் வலிமையை அவர் அறிந்திருந்தார். ஆசனம், பிராணாயாமம் முதலியவற்றை எளிய நடையில் நூல்களாகவும் துண்டு வெளியீடுகளாகவும் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். கடிதங்களுக்கு விடை எழுதினார். 1936ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தெய்வ நெறிக் கழகத்தின் பெரும்பணி இவ்வாறு அஞ்சல் வழியாகவே நடந்தது. தோட்டத்துத் தொழிலாளியின் நாடியைக் கையால் பிடித்துப் பார்த்த மருத்துவர், பிற்காலத்தில் கண்ணாற் காணாதவர்களுக்கும் மூச்சுப் பயிற்சியை எழுத்தால் கற்பித்தார் என்பது எண்ணத்தக்கது. அவர் மாணவர் சத்தியானந்தர் அமைத்த யோகநித்திரை, கேட்பவர் அசையாது படுத்திருக்க, வழிகாட்டுபவரின் குரல் ஒன்றினாலேயே நடத்தப்படுவதாகும்.

மருத்துவமனைகளும் இதனை ஆராயத் தொடங்கின. பம்பாயில் டாக்டர் டாத்தேயும் துணைவர்களும் இரத்த அழுத்தமுடைய 47 பேருக்குச் சவாசனம் கற்பித்துப் பார்த்து, 1969ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். பலருக்குப் பயன் கிட்டியதாகக் கண்டனர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சு மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட் சின் பயிற்சியொன்றைத் தொடங்கினார். கால் விரல் முதல் உச்சி வரை உடம்பைக் கவனித்துச் செல்லும் பயிற்சியை ஒலிநாடாவில் பதிந்து, வீட்டில் நாள்தோறும் செய்யுமாறு நோயாளிகளிடம் கொடுத்தார். எழுத்தாகச் சென்றது இப்போது குரலாகச் சென்றது.

தொலைவு குறைந்த கதை

குரலோடு முகமும் சேர்ந்து சென்ற வரலாறு அமெரிக்காவின் நெபராசுக்கா மாநிலத்தில் தொடங்குகிறது. அங்குள்ள மனமருத்துவ நிலையம் 1959ஆம் ஆண்டில் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தியது. 1964ஆம் ஆண்டில் 112 மைல் தொலைவிலிருந்த நார்போக்கு மருத்துவமனையோடு இணைப்பு ஏற்படுத்தியது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி, டாக்டர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மக்களுக்குத் தொலைவழி ஆலோசனை வழங்கிய அந்நிறுவனம், 2010ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே நடமாடும் மருத்துவமனையாக்கியது. பேருந்து ஊருக்கு வரும். அதனுள் அமர்ந்து, திரையில் தோன்றும் சென்னை மருத்துவரிடம் நோயாளி பேசுவார். மருந்தை அங்கேயே பெறுவார். உள்ளூரிலிருந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு சென்று பார்த்து வருவர்.

இந்தப் புதுக்கோட்டைப் பேருந்து நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. தொலைவில் வல்லுநர் இருந்தார். ஆனால் அருகிலும் ஒருவர் இருந்தார். திரை தனித்து நிற்கவில்லை. தொலைவழி மருத்துவம் சிறக்க வேண்டுமாயின் அருகில் ஒரு மனிதர் வேண்டும் என்பதை அவ்வேற்பாடு விளக்குகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் இந்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிகளை வகுத்தது. தொற்றுக்கு அஞ்சி உலகெங்கும் மருத்துவர்கள் திரைக்கு மாறினர். உடல்வழி மனமருத்துவரும் அவ்வாறே மாறினர். அதற்குள் அத்துறை பல கிளைகளாக விரிந்திருந்தது. ‘உள்ளிருந்து உணரப்படும் உடம்பு’ என்னும் பொருளில் ‘சொமாட்டிக்சு’ என்னும் பெயரைத் தாமசு ஹன்னா 1976ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தார். ஜெண்டிலின் 1978ஆம் ஆண்டிலும் பீட்டர் லெவின் 1997ஆம் ஆண்டிலும் தத்தம் முறைகளை நூலாக எழுதினர்.

பயன் எவ்வளவு? 2014ஆம் ஆண்டில் வான் டெர் கோல்க் குழுவினர், பேரதிர்ச்சியால் நெடுங்காலம் வாடிய 64 பெண்களிடையே ஆய்வு செய்தனர். பத்து வாரம் யோகம் பயின்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நோய்க்குரிய வரையறையிலிருந்து நீங்கினர். நலக்கல்வி மட்டும் பெற்றோருள் ஐந்தில் ஒரு பங்கினரே நீங்கினர். 2017ஆம் ஆண்டில் இசுரேலில் லெவின் முறையை 63 பேரிடம் ஆராய்ந்து பயன் கண்டனர். இவை நம்பிக்கை தருவன. ஆயினும் சிறிய ஆய்வுகள். நேருக்கு நேர் நடந்தவை. ஆகவே இயங்கலையில் தொடங்குவோர் அடக்கமான எதிர்பார்ப்போடு தொடங்குதல் அறிவுடைமை.

முதல் அமர்வில் நடப்பது என்ன?

முதல் அமர்வில் பயிற்சியை விடக் கேள்விகளே மிகுதியாக இருக்கும். உண்ணும் மருந்துகள், முன்னர் வந்த நோய்கள், அறுவை மருத்துவம், வலிப்பு, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை நல்ல மருத்துவர் கேட்டறிவார். இப்பொழுது எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறீர்கள், அருகில் யார் உளர், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்பனவும் கேட்பார். இவற்றைத் துருவித் துருவிக் கேட்பதாக எண்ணி வருந்தலாகாது. திரைக்கப்பால் இருப்பவர் ஓடிவந்து தாங்கிப் பிடிக்க முடியாதவர். ஆதலின் முன்னரே கேட்டு வைத்துக்கொள்கிறார். இவற்றைக் கேளாது நேரே பயிற்சிக்குப் போகிறவரிடத்தே ஐயங்கொள்ளலாம்.

கைப்பேசியைக் கையில் பிடித்திராமல், உயரமான இடத்தில் சாய்த்து வைக்கவேண்டும். முகம் மட்டுமன்றித் தோளும் மார்பும் கையும் தெரியவேண்டும். ஏனெனில் மருத்துவர் உங்கள் மூச்சைப் பார்க்கிறார், தோள் தூக்கியிருப்பதைப் பார்க்கிறார். உறுதியான நாற்காலி, குடிநீர், காதொலிக் கருவி ஆகியன அருகில் இருக்கட்டும். ‘வலக்கையைத் தூக்குங்கள்’ என்னும்போது எது வலம் என்ற குழப்பம் திரையில் எழும் என்பதை, 2020ஆம் ஆண்டில் வீட்டிலிருந்தே மாணவர்க்கு உடற்பயிற்சி கற்பித்த ஆசிரியர் அனைவரும் அறிவர். திரையைப் பார்த்துப் பின்பற்றுவதைவிடச் சொல்லைக் கேட்டுச் செய்தல் எளிது.

பயிற்சி மிக எளியதாகத் தோன்றும். ‘பாதம் தரையில் படுவதை உணர்கிறீர்களா? நாற்காலி உங்கள் முதுகைத் தாங்குகிறதா? அறையை ஒருமுறை மெல்லச் சுற்றிப் பாருங்கள். உடம்பில் இதமாக இருக்கும் இடம் ஏதேனும் உண்டா?’ இவ்வாறு கேட்பார். முதலில் இதமான இடத்தில் கவனத்தை நிறுத்தி, பின்னர் இறுக்கமான இடத்தைச் சிறிது தொட்டு, மீண்டும் இதமான இடத்துக்கே திரும்புவர். பெருந்துயரை ஒரே நாளில் கிளறிக் கொட்டச் சொல்வது இம்முறையின் வழக்கமன்று. சிறிது சிறிதாகவே செல்வர்.

அப்பொழுது கொட்டாவி வரலாம், கை நடுங்கலாம், உடம்பு சூடாகலாம், காரணம் தெரியாமல் கண்ணீர் வரலாம். ஒன்றுமே தோன்றாமலும் போகலாம். ஒன்றும் தோன்றாதது தோல்வியன்று. நெடுநாள் மரத்துப்போன உடம்பு உடனே விடை சொல்லாது. கண்ணை மூடுவது அச்சந்தந்தால் திறந்தே வைத்திருக்கலாம். மூச்சைக் கவனிப்பது சிலருக்குப் படபடப்பை மிகுவிக்கும். அதனைச் சொன்னால் மருத்துவர் வேறு வழி காட்டுவார். ‘போதும்’ என்று சொல்லும் உரிமை எந்த நேரத்திலும் உங்களுக்கு உண்டு. அமர்வு முடிந்ததும் அயர்வு தோன்றலாம். உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் சற்று அமர்ந்திருத்தல் நலம்.

தோட்டத்து வீட்டின் இடர்கள்

நகரத்து அறைக்காக எழுதப்பட்ட குறிப்புகள் தோட்டத்து வீட்டுக்கு முற்றும் பொருந்தா. லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு இப்புறம் பேசினால் அப்புறம் கேட்கும். தன் துயரை மாமியார் கேட்கும்படி சொல்ல எந்த மருமகள் துணிவாள்? இதற்கு வழி இல்லாமலில்லை. இம்முறையில் கதையை முழுதும் சொல்லவேண்டுவதில்லை. ‘இப்போது நெஞ்சில் இறுக்கம் இருக்கிறது, பத்தில் ஆறு பங்கு’ என்று சொன்னாலே போதும், தலையசைவாலும் விடை தரலாம். பேச்சு மருத்துவத்தைவிட இது தோட்டத்து வீட்டுக்குப் பொருந்துவது இவ்வொரு வகையிலேயே. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது இடர் மொழி. ‘எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது?’ என்று கேட்டால், நம் இளைஞர் பலர் ‘சாக்கிட்’ என்னும் ஒரு மலாய்ச் சொல்லிலேயே எல்லா வலியையும் அடக்கிவிடுகின்றனர். தமிழிலோ குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. விறைப்பும் மரமரப்பும் வேறுவேறு. உளைச்சல் என்னும் சொல்லைப் பாருங்கள். கால் உளைச்சல் என்றும் மன உளைச்சல் என்றும் உடம்புக்கும் உள்ளத்துக்கும் பொதுவாக அதனை வழங்குகிறோம். பெரியவர்கள் இச்சொற்களை உடையவர்கள். ஆனால் அவர்களுக்கு அமர்த்தப்படும் மருத்துவர் ஆங்கிலமே பேசுபவராயின் அச்செல்வம் பயனற்றுப் போகும். பெற்றோருக்கு ஏற்பாடு செய்யும் பிள்ளைகள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘இவர் தமிழில் பேசுவாரா?’ என்பதே. மகனோ மகளோ இடையில் அமர்ந்து மொழிபெயர்ப்பதும் பொருந்தாது. பெற்றோரின் துயருக்குப் பிள்ளையே காரணமாகவும் இருக்கக்கூடும் அன்றோ!

யாரை நம்புவது?

நம் நாட்டில் ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் உண்டு. மருத்துவ உளவியலாளர், உடலியக்கப் பயிற்சி மருத்துவர் ஆகியோர் 2016ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகின்றனர். சித்தம், ஆயுர்வேதம் முதலிய இந்திய மருத்துவம் அதே 2016ஆம் ஆண்டின் மரபுவழி மருத்துவச் சட்டத்துள் அடங்கும். ஆகவே ‘நீங்கள் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்? பதிவெண் யாது?’ என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. உடல்வழிப் பயிற்சியாளர் என்னும் பட்டம் மட்டும் சட்டப் பதிவாகிவிடாது. முன்பணமாகப் பல மாதக் கட்டணம் கேட்பவரையும், உறுதியாகக் குணமாகும் என்பவரையும், மருத்துவமனை மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் விலக்குக. ரைக்கின் பெட்டி இன்னும் பல வடிவங்களில் விலைக்கு வருகிறது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் செயலிழத்தல் ஆகியன தோன்றினால் அது மெய்ப்பாடு என்று எண்ணித் திரைமுன் அமரலாகாது. 999க்கு அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். புதிதாக வந்த எந்த வலியையும் முதலில் அரசு கிளினிக்கில் காட்டி, உடல்நோய் இல்லையென அறிந்த பின்னரே இதனைத் தொடங்குதல் முறை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல், சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்னும் எண்ணை அழைக்கலாம்.

முடிவுரை

கையால் செய்யும் மருத்துவம் என்றும் கையையே வேண்டும். ஆனால் ஜேக்கப்சன் முதல் சிவானந்தர் வரை கற்பித்த மற்றொரு மருத்துவத்தில், குணமாக்கும் செயலின் பெரும்பகுதி நோயாளியின் சொந்தக் கவனமே. அக்கவனத்தை எழுப்புவதற்குச் சொல் போதும். சொல்லைக் கடிதமும் ஒலிநாடாவும் சுமந்ததுபோல் இன்று திரையும் சுமக்கிறது. திரையால் சுமக்க முடியாதது, அழுகின்றவர் தோளில் கிடக்கும் ஆதரவான கை. அதனைத் தரவேண்டியவர்கள் அருகிலிருப்போர்.

ஆகவே பெற்றோருக்கு இயங்கலையில் மருத்துவரை ஏற்பாடு செய்யும் பிள்ளைகள், கட்டணத்தைச் செலுத்தியதோடு கடமை முடிந்ததாகக் கருதலாகாது. அமர்வு முடியும் வேளையில் ஒரு கோப்பைத் தேநீருடன் அருகில் வந்து அமர ஓர் அண்டை வீட்டாரையோ உறவினரையோ கேட்டுக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறையேனும் தாங்களே வந்து அமரட்டும். புதுக்கோட்டைக்குப் பேருந்தாகச் சென்ற உதவி, நம் தோட்டங்களுக்கு அண்டை வீட்டார் உருவில் வரட்டும்.